மீட்டர் காட்டும் எண்ணும் அது காட்டாத அயனிகளும்

கேள்வியின் சாரம் இது: கிணற்று நீரில் டி.டி.எஸ். மீட்டரை, அதாவது கரைந்த பொருட்களின் மொத்த அளவைக் காட்டும் கருவியை, வைத்தால் 480 காட்டுகிறது. அந்த நீரைக் குடிக்கலாமா, எந்தச் சுத்திகரிப்புக் கருவியைப் பொருத்துவது? எதிர்மின் அயனி வெளியிடும் கருவியை அறையில் வைத்தால் காற்று சுத்தமாகுமா? சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறதே, அதற்கும் அயனிதான் காரணம் என்கிறார்கள், அதை எப்படிப் போக்குவது?

அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு. மூன்றுக்கும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எந்த அயனி? நீர்ப் பகுப்பாய்வில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மொத்த எண்ணை மட்டும் பார்த்துக் கருவி வாங்குகிறவர்கள் பணத்தை இழப்பதைவிட, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

480 என்ற எண்ணுக்கு நேரடியாக விடை சொல்வதானால், அந்த நீரின் சுவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கரைந்த பொருட்களின் மொத்த அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்று, 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆனால் இந்த மொத்த அளவுக்கு உடல்நலத்தை முன்னிட்ட வரம்பு எதையும் அந்த அமைப்பு வகுக்கவில்லை. உடல்நலம் மொத்தத்தில் இல்லை, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

டி.டி.எஸ். மீட்டர் எதையும் எடைபோடுவதில்லை. அதன் அடியில் இரண்டு சிறிய உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே மாறுதிசை மின்சாரத்தைச் செலுத்தி, நீர் அதை எவ்வளவு கடத்துகிறது என்று பார்க்கிறது. ஒரே திசையில் பாயும் மின்சாரமாக இருந்தால் முனைகளில் அயனிகள் குவிந்து அளவு கெட்டுவிடும். மாறுதிசை மின்சாரத்தால் இந்தச் சிக்கலைத் தீர்த்து, மின்கடத்துத்திறன் அளவீட்டைத் துல்லியமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் கோல்ராவுஷ். கிடைத்த கடத்துத்திறனை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, அதையே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று திரை காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்குவது என்பது கருவியைச் செய்தவர் முன்கூட்டி எடுத்த முடிவு. உங்கள் கிணற்றில் என்ன உப்பு இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது. நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே கடத்துத்திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும் என்பதால், வெப்பநிலையைச் சரிக்கட்டாத மலிவான கருவி காலையில் ஓர் எண்ணும் நண்பகலில் வேறோர் எண்ணும் காட்டும். மின்னேற்றம் இல்லாத பொருள் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. ஒரு குவளை நீரில் சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள், எண் உயராது.

இப்போது ஒரு கணக்கு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. ஒரு கிணற்றில் அது 4 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லைக் கறையாக்கி எலும்பையும் பாதிக்கத் தொடங்கும் அளவு அது. அந்த ஃபுளோரைடும் அதனோடு சேர்ந்த சோடியமும் மீட்டரின் எண்ணில் கூட்டுவது பத்து முதல் பதினைந்துதான். 480-இல் அது வெப்பநிலைப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆர்செனிக்கின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டர் அசையாது. ஆகவே கால்சியமும் பைகார்பனேட்டுமாக நிறைந்து, கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு விடுவதைத் தவிர வேறு தொல்லை தராத நீரும் 480 காட்டலாம். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் வரம்பை மீறிய நீரும் 480 காட்டலாம்.

மீட்டர் பயனற்றது என்பதல்ல என் பேச்சு. ஒரே நீரைத் தொடர்ந்து கவனிக்க அதைப்போல எளிய கருவி இல்லை. ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) கருவியின் சவ்வுக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் சவ்வு கிழிந்ததா, தேய்ந்ததா என்று உடனே தெரியும். கலப்படம் இல்லாத தூய நீரின் கடத்துத்திறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ், மின்னணுத் தொழிற்சாலைகள் தங்கள் நீரை இந்த எண்ணை வைத்தே கண்காணிக்கின்றன. மாற்றத்தைக் காட்டும் கருவி அது. இருப்பது எது என்று சொல்லும் கருவி வேறு.

அந்த வேறு கருவிகளில் சில எளியவை. கடினத்தன்மையை அளக்கும் டைட்ரேஷன் இன்றும் எனக்கு விருப்பமான வேலை. 50 மில்லிலிட்டர் நீரில் அம்மோனியா தாங்கல் கரைசலை விட்டு பி.எச். (அமில-கார அளவு) 10-க்குக் கொண்டுவந்து, எரியோகுரோம் பிளாக் டி என்ற கருஞ்சாயத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நீர் திராட்சைச் சாற்றின் சிவப்பாகும். மேலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நடவாதது போலிருக்கும். பிறகு சிவப்பு மங்கி ஊதா எட்டிப் பார்க்கும். அங்கே அவசரப்படக் கூடாது. இன்னும் ஓரிரு சொட்டில் சிவப்பின் சாயல் துளியும் இல்லாத தெளிந்த நீலம் வரும். அந்தச் சொட்டோடு கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் ஈ.டி.டி.ஏ.வின் பிடிக்குள் போய்விட்டன என்று பொருள். 1940-களில் கெரோல்ட் ஷ்வார்ட்சன்பாக் வகுத்துத் தந்த முறை இது. சாதாரணக் கண்ணாடிக் கருவிகளையும் பொறுமையையும் தவிர வேறொன்றும் கேட்காது.

ஃபுளோரைடுக்கு மின்வாய் (எலெக்ட்ரோடு) இருக்கிறது. யூரோப்பியம் சிறிது கலந்த லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தை முனையில் பதித்து 1966இல் ஃபிராண்ட், ராஸ் இருவரும் அறிமுகப்படுத்தியது. ஃபுளோரைடு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். ஆனால் நீரை அப்படியே எடுத்து மின்வாயை முக்கினால் விடை தவறும். நீரில் அலுமினியம் இருந்தால் ஃபுளோரைடு அதனோடு ஒட்டிக்கொண்டு கணக்கில் வராது. அமிலத்தன்மை கூடினால் ஹைட்ரஜனோடு சேர்ந்துவிடும். காரத்தன்மை கூடினால் ஹைட்ராக்சைடு அயனி தானே ஃபுளோரைடு போல நடித்து எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் பி.எச்.சை 5-க்கும் 5.5-க்கும் இடையில் நிறுத்தி அலுமினியத்தையும் கட்டிப்போடும் கரைசலைச் சரிபாதி கலந்து அளக்கிறோம். அந்தக் கரைசல் கலக்கப்பட்டதா என்று கேளுங்கள். பதிலிலேயே ஆய்வுக்கூடத்தின் தரம் தெரிந்துவிடும்.

குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துக் காட்டுவது அயனிக் குரோமட்டோகிராஃபி. 1975இல் ஸ்மால், ஸ்டீவன்ஸ், பாமன் மூவரும் வெளியிட்ட முறை. ஆர்செனிக், ஈயம் போன்றவற்றுக்கு ஆர்கான் பிளாஸ்மாவில் நீரை ஆவியாக்கி அணுக்களை நிறைவாரியாக எண்ணும் கருவி வேண்டும். இவை வீட்டில் செய்யக்கூடியவை அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது, வந்த அறிக்கையைச் சோதிப்பது. நீருக்கு மொத்தத்தில் மின்னேற்றம் கிடையாது என்பதால் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக வரவேண்டும். அறிக்கையில் மில்லிகிராமில் உள்ள கால்சியத்தை 20-ஆலும், மக்னீசியத்தை 12.15-ஆலும், சோடியத்தை 23-ஆலும், பொட்டாசியத்தை 39.1-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். மறுபக்கம் பைகார்பனேட்டை 61-ஆலும், குளோரைடை 35.45-ஆலும், சல்ஃபேட்டை 48-ஆலும், நைட்ரேட்டை 62-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். வழக்கமான நீரில் இரண்டு தொகைகளின் வித்தியாசம் அவற்றின் கூட்டுத்தொகையில் 5 சதவீதத்தை மீறினால் ஏதோ ஒன்று தவறாக அளக்கப்பட்டிருக்கிறது, அல்லது அளக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது. இரண்டும் கடைசி இலக்கம் வரை பொருந்தி வந்தாலும் நான் சந்தேகப்படுவேன். சில இடங்களில் சோடியத்தை அளக்காமல், மீதி வரும் தொகையையே சோடியம் என்று எழுதிவிடுகிறார்கள்.

கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மாதிரி எடுத்த விதம் சரியில்லை என்றால் எல்லாம் வீண். ஆழத்திலிருந்து வரும் இரும்பு கலந்த நீரைப் பாட்டிலில் பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சற்று நேரத்தில் மஞ்சள் படரும், பிறகு அடியில் துருநிறத் துகள்கள் படியும். காற்று பட்டதும் கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேறிக் கரையாத வடிவுக்கு மாறுகிறது. அந்தத் துகள்கள் சும்மா படிவதில்லை, நீரில் இருந்த ஆர்செனிக்கையும் ஒட்டிக்கொண்டே படிகின்றன. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்து அளந்தால் ஆர்செனிக் இல்லை என்று வரும். கிணற்றில் அது இருந்தது. பாட்டிலின் அடியிலும் இருந்தது. உலோகங்களுக்கான மாதிரியில் அந்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2-க்குக் கீழே இறக்கச் சொல்வது இதற்காகத்தான். அதே அமிலம் விட்ட பாட்டிலில் நைட்ரேட்டையோ பைகார்பனேட்டையோ அளக்க முடியாது என்பதால் அவற்றுக்கு வேறு பாட்டில் வேண்டும்; நைட்ரேட் மாதிரியைக் குளிரில் வைத்து விரைவில் அளக்க வேண்டும். பி.எச்.சைக் கிணற்றடியிலேயே பார்த்துவிடுவது நல்லது, கரியமில வாயு வெளியேறினால் அது மாறிவிடும்.

இனி நீக்குவது. எல்லா அயனிக்கும் ஒரே மருந்து கிடையாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மையும் படிவாகி விலகும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் எங்கும் போகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும்.

கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் எனப்படும் கருவியில் இருப்பது அயனி மாற்றும் ரெசின் (பிசின் மணிகள்). கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு ஈடாகச் சோடியத்தை விடும். எடைக் கணக்கில் பார்த்தால் கரைந்த பொருளின் மொத்தம் குறைவதே இல்லை. கருவி பொருத்திய பிறகும் டி.டி.எஸ். இறங்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. கருவி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது வேறு: கால்சியம் கார்பனேட் கணக்கில் ஒவ்வொரு மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 0.46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவருக்கு இது சிறு விஷயமன்று.

நைட்ரேட்டை நீக்கும் ரெசினில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண எதிர்மின் அயனி ரெசின் நைட்ரேட்டைவிடச் சல்ஃபேட்டைத்தான் அதிகம் விரும்பும். ரெசின் நிறைந்த பிறகும் நீர் ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக வரும் சல்ஃபேட் முன்பு பிடிபட்ட நைட்ரேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அப்போது வெளியே வரும் நீரில் உள்ளே போன நீரைவிட அதிக நைட்ரேட் இருக்கும். பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுக்கும் அயனி இது; வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். சல்ஃபேட் உள்ள நீருக்கு நைட்ரேட்டைத் தேர்ந்து பிடிக்கும் ரெசினையே கேட்டு வாங்க வேண்டும், குறித்த காலத்தில் உப்புக் கரைசலால் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆர்.ஓ. பெரும்பாலான அயனிகளை 95 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. ஃபுளோரைடும் அதில் அடங்கும். ஆனால் அந்தச் சவ்வு மின்னேற்றம் உள்ளதைத் தடுக்கும் அளவுக்கு மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறைத் தடுப்பதில்லை. காற்றுப் படாத நிலத்தடி நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் மூவிணைதிற வடிவில் இருக்கிறது, வழக்கமான பி.எச்.சில் அதற்கு மின்னேற்றமே கிடையாது. குளோரின் போன்ற ஒன்றால் முதலில் ஆக்சிஜனேற்றி, மின்னேற்றம் உள்ள ஐயிணைதிற வடிவுக்கு மாற்றிய பிறகே சவ்வோ, இரும்பு ஆக்சைடு வடிகட்டியோ அதை நன்றாகப் பிடிக்கும். குளோரின் பலவகைச் சவ்வுகளை அரித்துவிடும் என்பதால் மீந்த குளோரினை முன்னரே நீக்கவும் வேண்டும். இதில் ஒரு படியை விட்டாலும் மீட்டர் அழகான சிறிய எண்ணைக் காட்டும், ஆர்செனிக் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

எந்த அயனி என்று பாராததற்கு ஓர் ஊர் முழுவதுமே விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் குடிநீரின் மூலத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. புதிய நீரில் குளோரைடு பழைய நீரைப் போலப் பல மடங்கு இருந்தது. பழைய நீரில் குழாயின் உட்புறம் காப்புப் படலம் உருவாகக் கலந்துவந்த ஆர்த்தோபாஸ்பேட் புதிய நீரில் கலக்கப்படவில்லை. ஓர் அயனி கூடியது, இன்னோர் அயனி விடுபட்டது. படலம் அரித்துக் குழாய்களின் ஈயம் நீரில் இறங்கியது. 2015 அக்டோபரில் பழைய மூலத்துக்குத் திரும்பும்வரை குழந்தைகள் அந்த நீரைக் குடித்தார்கள். நீக்குவது மட்டுமே சுத்திகரிப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். சில அயனிகள் நீரில் இருந்தாக வேண்டும்.

காற்றின் விஷயத்தில் இரண்டு வேறு சங்கதிகள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, மின்னேற்றம் பெற்ற காற்று மூலக்கூறுகள். கதிரியக்கமும் அண்டக் கதிர்களும் இவற்றை இயற்கையாகவே உண்டாக்குகின்றன. திறந்த வெளியில் கன சென்டிமீட்டருக்குச் சில நூறு முதல் ஓராயிரம் வரை இருக்கும். 1905இல் ஹான்ஸ் கெர்டியன் அமைத்த குழாயைத்தான் இன்றும் இவற்றை அளக்கப் பயன்படுத்துகிறோம்: ஓர் உருளை, நடுவில் ஒரு கம்பி, இடையே மின்னழுத்தம், காற்றை உறிஞ்சும் விசிறி. நொடிக்கு 200 கன சென்டிமீட்டர் காற்றை இழுத்தால், கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் அயனிகள் தரும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரை நூறு லட்சம் கோடியாகப் பிரித்ததில் மூன்று பங்கு. காப்புப் பொருளின் மேல் படிந்த ஈரமே இதைவிட அதிகம் கசியவிடும். மலிவான அயனி மீட்டரை நான் நம்பாததற்கு வேறு காரணம் தேவையில்லை.

கூர்முனையில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்து அயனி உமிழும் கருவி தூசிக்கு மின்னேற்றம் தருவது உண்மை. அந்தத் தூசி சுவரிலும் திரையிலும் ஒட்டும். வடிகட்டி இல்லை என்றால் அறையை விட்டு வெளியே போகாது. கூர்முனையில் ஓசோனும் உண்டாகலாம், அது நுரையீரலுக்குத் தீங்கு. 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று, பதற்றம், மனநிலை, உறக்கம் ஆகியவற்றில் காற்று அயனிகளால் நிலையான பயன் எதையும் காணவில்லை. மனச்சோர்வின் அறிகுறிகளில் மட்டும் மிகு செறிவுக்குச் சற்றே பலன் தெரிந்தது. அறைக்காற்றுக்கு நல்ல வடிகட்டியையே வாங்குங்கள். அயனி உமிழிக்கு உரிய இடம் மின்னணுத் தொழிற்சாலை. அங்கே நிலைமின்னைப் போக்க அது இன்றியமையாதது.

இன்னொன்று, நுண்துகள்களில் உள்ள சல்ஃபேட், நைட்ரேட், அம்மோனியம் அயனிகள். உடல்நலத்துக்கு முக்கியமானவை இவைதான். காற்றை வடிதாளின் வழியே இழுத்து, தாளைத் தூய நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் குரோமட்டோகிராஃபியில் விடுகிறார்கள். வெயிலில் அம்மோனியம் நைட்ரேட் தாளிலிருந்தே ஆவியாகிப் போகும் என்பதால் அதைப் பிடிக்கப் பின்னால் நைலான் தாள் வைக்க வேண்டியிருக்கிறது.

சுவருக்கு வருவோம். பூத்திருக்கும் வெள்ளைத் தூளை உலர்ந்த தூரிகையால் தாளில் தட்டி எடுங்கள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் கரைவது கார்பனேட். பெரும்பாலும் சுண்ணாம்பு, அது அழகை மட்டுமே கெடுக்கும். நுரைக்காததைத் தூய நீரில் கரைத்துச் சோதிக்க வேண்டும். அமிலமாக்கிப் பேரியம் குளோரைடு விட்டு வெண்மையாகக் கலங்கினால் சல்ஃபேட். வேறொரு பகுதியை நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி வெள்ளி நைட்ரேட் விட்டுக் கலங்கினால் குளோரைடு. நைட்ரேட்டுக்குச் சோதனைத் தாள் கிடைக்கிறது. பேரியமும் வெள்ளி உப்பும் கையில் படக்கூடாதவை, ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுவதே நல்லது. அயனி தெரிந்தால் நீரின் வழி தெரியும். நைட்ரேட் என்றால் கழிவுநீர்க் கசிவையோ பழைய கால்நடைக் கொட்டிலையோ தேடுங்கள். குளோரைடு என்றால் கடல் மணலையோ கடற்காற்றையோ. சல்ஃபேட் செங்கல், சிமென்ட், மண் எதிலிருந்தும் வரும், பூச்சை அதிகம் உடைப்பதும் அதுவே: சோடியம் சல்ஃபேட் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது.

நீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். நீர்புகாத பெயின்டும் பூசாதீர்கள், படிகம் அதன் பின்னால் வளர்ந்து பூச்சோடு தள்ளிவிடும். ஓதம் ஏறும் வழியை முதலில் அடையுங்கள், சுவரைக் காயவிடுங்கள், உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். மதிப்புள்ள பழைய சுவராக இருந்தால் தூய நீரில் நனைத்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு எடுப்பார்கள். காயும்போது உப்பு கூழுக்குள் நகர்ந்து வரும். இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

சுவரில் கிடைத்தது குளோரைடு, உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட்டும் இருக்கிறது என்றால், பூச்சை விட்டுவிட்டுக் கம்பியைப் பாருங்கள். பி.எச். 12-க்கு மேலான கான்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் இருக்கிறது, குளோரைடு அதைத் துளைக்கிறது. சிமென்ட் எடையில் 0.4 சதவீதம் என்பது பொறியாளர்கள் பரவலாகக் கொள்ளும் எச்சரிக்கை அளவு. மேற்பரப்பைச் சுரண்டி அளப்பதால் பயனில்லை; துளையிட்டு ஒவ்வொரு ஆழத்துத் தூளையும் தனித்தனியே நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளந்தால்தான் குளோரைடு கம்பியை எட்டிவிட்டதா என்று தெரியும். எட்டியிருந்தால், கம்பியை எதிர்மின்முனையாக்கி வெளியே டைட்டானியம் வலையை நேர்மின்முனையாக வைத்து, பல வாரங்கள் மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியே இழுக்கும் முறை இருக்கிறது. முன்னழுத்தம் கொடுத்த (பிரீஸ்ட்ரெஸ்டு, அதாவது முன்கூட்டியே இழுத்துவைத்த) உயர்வலிமைக் கம்பி உள்ள கட்டுமானத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அப்போது கம்பியில் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த எஃகை நொறுங்க வைத்துவிடும், ஆகவே வரைபடத்தைப் பார்த்துக் கம்பியின் வகையை உறுதி செய்த பிறகே மின்சாரத்தை இணைக்க வேண்டும்.